உங்கள் வைஃபையில் அவர்களுக்கு வேண்டியது டேட்டா இல்லை

எங்கள் அடுக்ககத்தில் யார் வீட்டிலாவது நெட் மெதுவானால் முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பையன்மேல்தான் விழும். "தம்பி, நம்ம வைஃபைய எவனோ இழுக்கிறான்னு தோணுது, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் ரவுட்டர் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி, பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் கிடக்கும். எடுத்து வெளியே வைத்தாலே பாதி வேகம் திரும்பிவிடும். காபி வரும். காபியோடு நான் பாஸ்வேர்டு பேச்சை எடுப்பேன். மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அதற்குச் சொன்னதைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்கிறார்கள்: "அதான் அன்லிமிடெட் பிளான் ஆச்சே தம்பி. எவனாவது ரெண்டு வீடியோ பாத்தா பாத்துட்டுப் போறான், விடுங்க."

ஒரு ஜிபிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பணம் கட்டிய காலத்தில் எல்லோருக்கும் பயம் இருந்தது. பில் எகிறும் என்ற பயம். அது போனதோடு எச்சரிக்கையும் போய்விட்டது. உண்மையில் இன்று வீடியோ பார்ப்பதற்காக அடுத்த வீட்டு வைஃபையை உடைக்கிற ஆள் அபூர்வம். அவர் போனிலேயே தினம் ஒன்றரை, இரண்டு ஜிபி சும்மா கிடக்கிறது. மெனக்கெட்டு உள்ளே வருகிறவருக்கு வேண்டியது உங்கள் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் அடையாள எண். நீங்கள் அடையாளச் சான்றைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிய இணைப்பு அது. அதன்வழி எது போனாலும் அனுப்புநர் இடத்தில் நிற்பது நீங்கள்.

இதற்கு இந்தியாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று மாலை அகமதாபாத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, இந்தியன் முஜாஹிதீன் என்ற பெயரில் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு போய் நின்ற இடம் நவி மும்பை, சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். கணினிகளைப் பறிமுதல் செய்தார்கள், நாட்கணக்கில் விசாரித்தார்கள். அந்த மின்னஞ்சலை அவர் அனுப்பவில்லை. அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் கிடந்தது. அதைப் பயன்படுத்தி யாரோ அனுப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஆகஸ்டில் அடுத்த மின்னஞ்சல், மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்து. செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சல், செம்பூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. பின்னர் கைதானவர்களில் கணினித் துறையில் வேலை பார்த்த பொறியாளரும் இருந்தார். மும்பை காவல்துறை 2009 தொடக்கத்தில் மடிக்கணினியோடு தெருத்தெருவாகப் போய், பூட்டாத வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று தேடியது. அதே ஆண்டு தொலைத்தொடர்புத் துறையும் வைஃபையைப் பாதுகாப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இன்று நமக்கு லைன் கொடுக்க வருகிறவர், கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறார் என்றால் அதற்குப் பின்னால் இந்தக் கதைகளுக்கும் பங்குண்டு.

'ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துதானே கொடுக்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்' என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். எந்த நொடியில் எந்த போர்ட் எண் (ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) யார் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தி, இத்தகைய பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, வீடு எது என்று தெரிந்துவிடும். வீட்டுக்குள் யார் என்பதைச் சொல்ல அந்தப் பதிவால் முடியாது. அதை நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் வந்து உட்காரும். விசாரணை முடியும்வரை மடிக்கணினியும் போனும் உங்களிடம் இருக்காது.

குண்டு வழக்கு என்றதும் இது ஏதோ எப்போதாவது நடப்பது என்று நினைக்கத் தோன்றும். சின்ன அளவில் இது அன்றாட வியாபாரம். 2025 மே மாதம் அமெரிக்காவில் ஒரு வழக்கு வெளியே வந்தது. எனிபிராக்ஸி, 5சாக்ஸ் என்ற இரண்டு இணையதளங்கள். பழைய வீட்டு ரவுட்டர்களில் உரிமையாளருக்குத் தெரியாமல் தீநிரலை (மால்வேர்) ஏற்றி, அந்த வீட்டு முகவரிகளை மாத வாடகைக்கு விட்டுவந்தன. வாடகை மாதம் 9.95 டாலரிலிருந்து 110 டாலர் வரை. 7,000க்கும் மேற்பட்ட முகவரிகள் கையிருப்பில் இருப்பதாக விளம்பரம் வேறு. ரஷ்யர்கள் மூவர்மீதும் கஜகஸ்தான்காரர் ஒருவர்மீதும் குற்றச்சாட்டு பதிவானது. இந்த வகையில் 4.6 கோடி டாலருக்கும் மேல் சம்பாதித்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை சொன்னது. வீட்டு முகவரிக்கு ஏன் இவ்வளவு மவுசு? வங்கியோ வர்த்தகத் தளமோ, ஏதோ ஒரு சர்வர் கிடங்கிலிருந்து வரும் ஆளைச் சந்தேகிக்கும். சாதாரணக் குடும்பத்தின் பிராட்பேண்டிலிருந்து வருகிறவரை அவ்வளவாகச் சந்தேகிக்காது.

இந்த இரண்டு கதைகளிலும் நுழைந்த வழி வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். சான்பாடாவில் வந்தவர் வைஃபை எட்டும் தூரத்துக்கு நேரில் வந்தார். வாடகைக்கு விட்டவர்கள் அந்த வீடுகள் இருக்கும் நாட்டுக்கே போகவில்லை. இணையத்தின் வழியாக ரவுட்டரின் முதுகுப்புறமாக வந்தார்கள். நாம் போடும் வைஃபை பாஸ்வேர்டு முதல் ஆளை மட்டும்தான் தடுக்கும். இரண்டாம் ஆளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதைத்தான் நான் காபி வேளையில் விளக்க முயல்வேன். முடிவதற்குள் காபி ஆறிவிடும்.

முதலில் வான்வழியாக வருகிறவர். ஆரம்பகால வைஃபையில் டபிள்யூஈபி என்று ஒரு பூட்டு இருந்தது. 1997இல் வந்தது, ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்ற மூவர் 2001இலேயே அதன் அடிப்படைக் கோளாறை எழுதிவிட்டார்கள். (இந்த ஷமீர்தான் ஆர்எஸ்ஏ என்ற புகழ்பெற்ற மறையாக்க முறையின் நடு எழுத்து.) 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதை உடைக்கும் முறையை வெளியிட்டார்கள். 2001 எச்சரிக்கைக்குப் பிறகும், 2005 வாக்கில் அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் என்ற பெரிய கடைத்தொகுதி அந்தப் பூட்டையே நம்பிக்கொண்டிருந்தது. ஒரு கிளையின் வைஃபை வழியாகப் புகுந்தவர்கள் குறைந்தது 4.57 கோடி அட்டைகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இன்றும் உங்கள் ரவுட்டர் செட்டிங்ஸில் அந்த மூன்று ஆங்கில எழுத்துகள் (WEP) தென்பட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், பெட்டியை மாற்றுங்கள்.

இப்போது நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 2004இல் வந்த டபிள்யூபிஏ2. பூட்டு நல்ல பூட்டு. அதன் பலவீனம் நாம் வைக்கும் பாஸ்வேர்டில் இருக்கிறது. உங்கள் போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். அதில் பாஸ்வேர்டு வெளிப்படையாக இருக்காது. ஆனால் ஒரு பாஸ்வேர்டு சரியா தவறா என்று சோதித்துப் பார்க்கப் போதுமான தகவல் இருக்கும். அருகில் இருப்பவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். போன் மறுபடி இணையும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம், போலியாக ஒரு துண்டிப்புச் செய்தியை அனுப்பினால் போன் தானே விலகித் தானே சேரும். உங்களுக்கு வாட்ஸப் ஒரு நொடி தடுமாறும், அவ்வளவுதான். 2018இல் ஹேஷ்கேட் என்ற பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருளை எழுதியவர் இன்னொரு வழியைக் காட்டினார். பல ரவுட்டர்களில் போன் எதுவும் இணையாமலே ரவுட்டரிடமிருந்து இந்தத் தகவலைக் கேட்டு வாங்கிவிடலாம். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கலாம். பரீட்சை வினாத்தாளை விடைத்தாளோடு வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிப் பார் என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி. தவறாக ஊகித்தால் தடுக்க ஆளில்லை, ரவுட்டருக்கு விஷயமே தெரியாது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். லைன் போட வருகிற பையன் கேட்பான்: "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்? மொபைல் நம்பரே போட்டுடவா? மறக்காது." நாமும் சரி என்போம். இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்று. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. கேம் விளையாட வாங்கும் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, நொடிக்குச் சுமார் 10 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். அப்படியானால் 400 கோடியையும் தீர்க்க 4,000 நொடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். நாட்டிலுள்ள அத்தனை கைபேசி எண்களையும் ஒரு சினிமா இடைவேளைக்குள் தட்டிப் பார்த்துவிடலாம். எட்டு இலக்க எண் என்றால் நூறு நொடி. பிறந்த தேதியெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஆள் உங்கள் அடுக்ககத்திலேயே இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் எல்லார் எண்ணும் வரிசையாக இருக்கிறது. அதோடு வைஃபை பெயரில் 'ஏ2 சுந்தரம்' என்று வீட்டு எண்ணையும் பெயரையும் போட்டிருப்பார்கள். எந்த எண்ணைத் தட்ட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் டெல் அவீவ் நகரில் மலிவான ஒரு வைஃபை கருவியோடு சுற்றி, 5,000 வைஃபைகளின் இத்தகைய தகவல்களைச் சேகரித்தார். 2021 அக்டோபரில் முடிவை வெளியிட்டார். 70 விழுக்காட்டுக்கு மேல் உடைந்துவிட்டன. அவர் முதலில் முயன்றது என்ன தெரியுமா? உள்ளூர்க் கைபேசி எண்கள். இஸ்ரேலியரும் நம்மைப் போலத்தான் பாஸ்வேர்டு வைக்கிறார்கள்.

அப்படியானால் என்ன வைப்பது? ஆங்கில எழுத்தில் ஒன்றைப் பெரிதாக்கி, நடுவில் ஓர் அட்-குறி போட்டு, கடைசியில் 123 சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'பெயர்@123' வடிவம் ஊகிக்கிறவர்களின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும். டபிள்யூபிஏ2 எட்டு முதல் 63 எழுத்துவரை ஏற்கும். அந்த நீளத்தைப் பயன்படுத்துங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை எடுத்து (முருங்கைக்காய், தபால்காரர், கொலுசு, மின்தடை என்று கண்டபடி) ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதிவிடலாம். தமிழ் எழுத்தை ரவுட்டர் ஏற்காது. 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கு சொற்களை எடுத்தாலே, மேலே சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்க நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஐந்து என்றால் ஒன்பது லட்சம் ஆண்டு. நாம் முருங்கைக்காயை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதுவோம் என்பது கூடுதல் லாபம். குறள், பாரதி வரி, சினிமாப் பாட்டின் பல்லவி ஆகியவை மட்டும் வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமாக வருவது ஊருக்கே வரும்.

புதிய ரவுட்டர்களில் டபிள்யூபிஏ3 என்ற தெரிவு இருக்கும். 2018இல் வந்தது. இதில் வீட்டுக்கு எடுத்துப் போய் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும். போலித் துண்டிப்புச் செய்தியும் எடுபடாது. வீட்டிலுள்ள பழைய பிரிண்டரும் டிவியும் இதில் சேர மறுக்கலாம் என்பதால் இரண்டும் கலந்த முறையைப் பலர் வைக்கிறார்கள். கலந்த முறையில் பழைய வழியும் திறந்தே இருக்கிறது, எனவே பாஸ்வேர்டு நீளமாகவே இருக்கட்டும்.

பூட்டை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறது. டபிள்யூபிஎஸ். பாஸ்வேர்டு தட்டாமல் கருவிகளைச் சேர்க்க வந்த வசதி. அதன் ஒரு வகை, எட்டு இலக்கப் பின் எண்ணைக் கேட்கும். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு அல்லவா? ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழையும் வைத்துக் கணக்கிடப்படுவது. அது கணக்கில் சேராது. அதைவிட மோசம், ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சோதிக்கிறது. முதல் நான்கு தவறு என்றால் அப்போதே சொல்லிவிடும். ஆக முதல் பாதிக்கு 10,000, இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சி. ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் 2011 டிசம்பரில் இதை வெளியிட்டார். தவறான முயற்சிகளைத் தடுக்காத ரவுட்டர் என்றால் சில மணி நேரத்தில் பின் எண் கிடைக்கும், பின் எண் கிடைத்தால் உங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்டையும் ரவுட்டரே எடுத்துக் கொடுத்துவிடும். எங்கள் அடுக்ககத்தில் ஒருவர்கூட இந்த வசதியைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அணைத்து வையுங்கள்.

வான்வழி இத்தோடு போதும். முதுகுப்புறத்துக்கு வருகிறேன். என் பார்வையில் வீட்டு ரவுட்டரில் அதிகம் கவனிக்கப்படாதது அதன் அட்மின் பாஸ்வேர்டு. வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போக வேறொரு பாஸ்வேர்டு இருப்பது பலருக்குத் தெரியாது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டினால் அந்தப் பக்கம் வரும். பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். இல்லையென்றால் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தீநிரலால் செயலிழந்தபோது அடிவாங்கியவை, கம்பெனியிலிருந்து வந்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. அதற்கு முந்தைய ஆண்டு உலகை உலுக்கிய மிராய் என்ற தீநிரலும் பெரிய வித்தை எதையும் காட்டவில்லை. கம்பெனிப் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கேமராக்களையும் ரவுட்டர்களையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் படையாகத் திரட்டி, 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் நிறுவனத்தின்மேல் ஏவியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின.

உள்ளே வந்தவர் என்ன செய்வார்? முகவரியை வாடகைக்கு விடுவதைச் சொன்னேன். இன்னொன்று டிஎன்எஸ். நீங்கள் வங்கியின் பெயரைத் தட்டும்போது அது எந்த எண் முகவரியில் இருக்கிறது என்று உங்கள் ரவுட்டர் ஒரு சர்வரிடம் கேட்கும். அந்த சர்வர் எது என்ற ஒரே ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும், வீட்டிலுள்ள எல்லாப் போனும் அவர் காட்டும் இடத்துக்குப் போகும். பிரேசிலில் 2011 வாக்கில் சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படி மாற்றினார்கள். காஸ்பர்ஸ்கி ஆய்வாளர் ஃபாபியோ அசோலினி இதை விவரமாக எழுதியிருக்கிறார். கணினியில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் இருந்தும் பயனில்லை, ஏனென்றால் கோளாறு கணினியில் இல்லை. இப்போது தளங்கள் எல்லாம் சான்றிதழ் காட்டுவதால் இந்த வித்தை முன்னளவு எளிதில்லை. ஆனால் பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கும்போதும் 'பரவாயில்லை, போ' என்று அழுத்துகிறவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள்.

எனவே யார் வீட்டுக்குப் போனாலும் செட்டிங்ஸ் பக்கத்தில் நான் பார்க்கும் வரிசை இது: அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதி, பெட்டிமேலேயே ஒட்டிவிடுவேன். தாளில் எழுதலாமா என்று பதறுகிறார்கள். ரஷ்யாவில் இருப்பவருக்கு உங்கள் ஹாலில் ஒட்டிய தாள் தெரியாது. வீட்டுக்குள் வந்து தாளைப் படிக்கிறவர் நினைத்தால் ரீசெட் பொத்தானையே அழுத்திவிடுவார். அடுத்து, வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அணைப்பேன். பிறகு டிஎன்எஸ் வரி. பிறகு ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருள். சில நிறுவனங்களின் பெட்டிகளில் வாடிக்கையாளருக்குப் பாதி செட்டிங்ஸைத்தான் காட்டுவார்கள். மீதி அவர்கள் கையில். இணைய நிறுவனம் தூரத்திலிருந்தே ரவுட்டரைப் பழுதுபார்க்க ஒரு வழி வைத்திருக்கும். அதுவும் ஒரு வழிதான் என்பதற்கு உதாரணம், 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு படுத்தது. அதே மிராயின் ஒரு வடிவம், அந்தப் பழுதுபார்க்கும் போர்ட்டைத் தட்டியதால் வந்த வினை. இதில் நம்மால் செய்யக்கூடியது குறைவு. முடிந்தவர்கள் நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ரவுட்டர் வைத்துக்கொள்ளலாம்.

ஃபர்ம்வேர் விஷயத்தில்தான் நான் அதிகம் தோற்றுப்போகிறேன். போனுக்கு அப்டேட் வந்தால் போன் நச்சரிக்கும். பெரும்பாலான ரவுட்டர்கள் வாயைத் திறக்காது. 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் மாத்தி வன்ஹூஃப் டபிள்யூபிஏ2விலேயே க்ராக் என்ற ஓட்டையைக் காட்டினார். பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கு மருந்து அப்டேட் மட்டும்தான். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் இருப்பதாக சிஸ்கோ டாலோஸ் சொன்னபோது, அமெரிக்க எஃப்பிஐ பொதுமக்களிடம் 'ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்' என்று கேட்டுக்கொண்டது. மேலே சொன்ன வாடகை வழக்கில் எஃப்பிஐ வெளியிட்ட பட்டியலில் இருந்தவை அநேகமாக, தயாரித்த நிறுவனமே கைகழுவிவிட்ட பழைய மாடல்கள். நன்றாக ஓடுகிற பெட்டியை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு எளிய பதில் என்னிடம் இல்லை. மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து, கடைசி அப்டேட் பல ஆண்டு முன்பு என்றால், அடுத்த போனஸில் ஒன்று வாங்குங்கள் என்பேன்.

யூடியூபில் அடிக்கடி சொல்லப்படும் இரண்டு யோசனைகளை நான் சொல்வதில்லை. ஒன்று, வைஃபை பெயரை மறைத்து வைப்பது. மறைத்தாலும் காற்றில் கேட்கத் தெரிந்தவருக்குத் தெரியும். போதாதற்கு உங்கள் போன் போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டே போகும். இரண்டாவது, மேக் முகவரி வடிகட்டல். மேக் முகவரி என்பது ஒவ்வொரு கருவியும் வைஃபையில் காட்டும் அடையாள எண்; பட்டியலில் உள்ளதை மட்டும் ரவுட்டர் சேர்த்துக்கொள்ளும். அனுமதிக்கப்பட்ட மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது, பார்த்து நகலெடுப்பது சின்ன வேலை. இப்போதைய போன்கள் பாதுகாப்புக்காக மேக் முகவரியை மாற்றிக்கொள்வதால், வடிகட்டலில் மாட்டுவது நம் வீட்டு ஆட்கள்தான்.

பயனுள்ள ஒன்றை ரவுட்டரே இலவசமாகத் தருகிறது, யாரும் தொடுவதில்லை: கெஸ்ட் நெட்வொர்க். விருந்தாளி வந்தால் தண்ணீருக்கு அடுத்து வைஃபை பாஸ்வேர்டு கேட்கும் காலம். கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால் அது அவர் போனிலேயே தங்கிவிடும். அந்தப் போனில் பகிர் என்று அழுத்தினால் வரும் க்யூஆர் கோடில் உங்கள் பாஸ்வேர்டு அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. தெரிந்த வைஃபைகளின் பாஸ்வேர்டை ஊருக்கே பகிர்ந்துகொள்ளும் செயலிகளும் உண்டு. கெஸ்ட் நெட்வொர்க்குக்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. தீபாவளி கழிந்ததும் மாற்றினால் வீட்டுக் கருவி எதையும் தொட வேண்டாம். வாசல் கேமரா, ஸ்மார்ட் பல்பு, விலை குறைவாகக் கிடைத்த சிசிடிவி பெட்டி ஆகியவற்றையும் நான் அதில்தான் சேர்க்கச் சொல்கிறேன். அவற்றுக்கு அப்டேட் வருவது ரவுட்டரைவிட அரிது. அங்கே ஏதாவது புகுந்தாலும் உங்கள் மடிக்கணினி இருக்கும் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. கெஸ்டில் சேர்ந்தவரும் உங்கள் ஐபி முகவரியில்தான் வெளியே போகிறார் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வாடகைக்கு அறை விட்டிருப்பவர்கள், குடியிருப்பவரைத் தனி இணைப்பு வாங்கச் சொல்வதே நல்லது.

கடைசியாக, பழைய பெட்டி. புதிது வந்ததும் பழையதைக் காயலான் கடைக்கோ ஆன்லைனிலோ போட்டுவிடுகிறோம். அதற்குள் உங்கள் வைஃபை பெயர், பாஸ்வேர்டு, சில இணைப்புகளில் பிராட்பேண்ட் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். 2023இல் ஈசெட் நிறுவனம் பழைய அலுவலக ரவுட்டர்கள் 18ஐ விலைக்கு வாங்கித் திறந்து பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் முந்தைய நிறுவனங்களின் அமைப்பு விவரங்கள் அழிக்காமல் கிடந்தன. அலுவலகங்களே அப்படி. பின்பக்கத்தில் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை, மின் இணைப்பு இருக்கும்போதே, ஊக்கால் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். அழிந்துவிட்டது என்று பொருள். நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டிய பெட்டி என்றாலும் புதியது ஓடத் தொடங்கியபின் இதைச் செய்துவிட்டே கொடுங்கள். புது ரவுட்டருக்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால் டிவி, பிரிண்டர், கேமரா எல்லாம் கேட்காமலே ஒட்டிக்கொள்ளும், பெரிய வசதி. பழைய பெட்டி ரீசெட் ஆகாமல் போயிருந்தால் அதே வசதி அதை வாங்கியவருக்கும் உண்டு.